எட்டு ரூபாய்க் கொடியும் 925 வெள்ளியும்: ஒரு பழுதுநீக்கக் குறிப்பு

காங்கேயத்தை அடுத்த எங்கள் அம்மாவின் ஊரில், அப்புச்சி (அம்மாவின் அப்பா) இடுப்பில் கட்டியிருந்த வெள்ளி அரைஞாண் கொடி ஒன்று கொக்கி விட்டு, கண்ணி அறுந்து, பல காலமாகப் பெட்டியில் கிடந்தது. 'எட்டு ரூபாய்க் கொடி' என்றுதான் வீட்டில் அதைச் சொல்வார்கள். மாமன் மகன் அதைத் தானே கட்டிக்கொள்ள விரும்பியதால், மோட்டார் சுற்றும் பட்டறை வைத்திருக்கும் என்னிடம் பழுது நீக்கும் வேலை வந்து சேர்ந்தது. கொக்கி நிமிர்ந்து பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அதை அடுத்த மூன்று கண்ணிகளை முன்பு யாரோ ஈயம் வைத்து ஒட்டியிருந்தார்கள். மற்றக் கண்ணிகள் கறுத்திருந்தாலும் உறுதியாகவே இருந்தன.

பழைய வெள்ளியில் நெருப்பு வைப்பதற்கு முன் அது என்ன வெள்ளி என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளி என்ற பெயரில் புழங்கும் உலோகங்களின் உருகுநிலை ஒன்றல்ல; ஒன்றுக்குப் பொருந்தும் பற்றுப்பொடி (உருகி ஓடிக் கண்ணிகளை ஒட்டவைக்கும் உலோகப் பொடி) மற்றொன்றின் கண்ணியையே உருக்கிவிடக்கூடும். தாராபுரத்தில் எனக்குப் பழக்கமான ஆசாரியார் கொடியின் ஓரத்தை உரைகல்லில் இழுத்துப் பார்த்து, "ஏனுங்க, இது கட்டி வெள்ளி இல்லீங்க, காசு உருக்கிப் போட்டதுங்க; கொக்கி மட்டும் வேற சரக்குங்க" என்றார். அவருடைய கண்ணை நான் நம்பினேன் என்றாலும், அதை எண்ணில் பார்க்கும் ஆசை இருந்தது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை நீரில் நிறுப்பது. சுத்த வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பின் அடர்த்தி 8.96, ஆகவே செம்பு கூடக் கூட, அதே எடையுள்ள பொருள் கூடுதல் இடத்தை அடைத்து நீரில் கூடுதலாக எடை இழக்கும். கொக்கியைக் கழற்றிய பிறகு கொடி 84.30 கிராம் இருந்தது. சோப்பு நீரில் கழுவி, மெல்லிய நூலில் கட்டி, கண்ணிகளுக்குள் ஒட்டியிருந்த காற்றுக் குமிழிகள் வெளியேறும்வரை ஆட்டி, நீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தபோது 8.15 கிராம் குறைந்தது. வகுத்தால் 10.34 வரும். 3.10 கிராம் எடையுள்ள கொக்கியோ 0.33 கிராம் குறைந்து, 9.4 அடர்த்தியைக் காட்டியது. ஆசாரியார் சொன்னது சரி. இரண்டும் ஒரே உலோகம் அல்ல. ஆனால் 92.5 சதவீத வெள்ளியின் அடர்த்தி 10.36, 91.7 சதவீத வெள்ளியின் அடர்த்தி 10.34 என்பதால், அவ்வளவு நுண்ணிய வேறுபாட்டை நீரில் நிறுத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு குமிழி ஒட்டியிருந்தாலே கணக்கு மாறிவிடும். எழுபது டச் வெள்ளியை, அதாவது நூற்றில் எழுபது பங்கே வெள்ளி உள்ளதை, தொண்ணூறு என்று யாராவது விற்றால் அதைப் பிடிக்க இந்தச் சோதனை போதும்.

ஆகவே கோவை பெரிய கடை வீதிப் பக்கம் டச் பார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோனேன். அங்குள்ள எக்ஸ் கதிர் இயந்திரம் பொருளைச் சுரண்டாமல், உருக்காமல், ஒவ்வோர் உலோகமும் எத்தனை சதவீதம் என்று திரையில் காட்டிவிடும். அது மேற்பரப்பை மட்டுமே பார்க்கும் என்பதை மறக்கக் கூடாது. பழைய நகைகளைச் சுட்டுப் புளித்தண்ணீரிலோ அமிலத்திலோ போட்டு வெளுத்திருப்பார்கள். அப்போது மேல்தோலிலிருந்த செம்பு கரைந்து போய், உள்ளே இருப்பதைவிட வெளியே வெள்ளி கூடுதலாகத் தெரியும். அதனால் கண்ணியின் உட்பக்கத்தில் அரத்தால் லேசாக ராவிய இடத்தைக் காட்டச் சொன்னேன். வெள்ளி 91.4, மீதி பெரும்பாலும் செம்பு என்று வந்தது. கொக்கியைக் காட்டியபோது வெள்ளி ஏறத்தாழப் பாதி, செம்பு நாற்பதை ஒட்டி, அதோடு ஐந்து சதவீதத்தை ஒட்டி நிக்கலும் சற்றுக் குறைவாகத் துத்தநாகமும் இருந்தன.

அந்த நிக்கல்தான் கொக்கி எந்தக் காலத்தது என்பதைச் சொல்லிவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி 1835இல் கொண்டுவந்த ஒரே சீரான ரூபாய் 180 கிரெயின் எடையும்—இது 11.66 கிராம், அதாவது ஒரு தோலா—அதில் 165 பங்கு வெள்ளியும் 15 பங்கு கலப்பும் கொண்டது. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இன்று தங்கத்தில் 916 என்கிறோமே, அதே விகிதம். விக்டோரியா ராணி தலை, எட்வர்டு தலை, ஐந்தாம் ஜார்ஜ் தலை என்று தலைகள் மாறினாலும் இந்த விகிதம் மாறவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல், அரசு அதே எடையில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்து, 40 சதவீதம் செம்பும் ஐந்து சதவீதம் நிக்கலும் ஐந்து சதவீதம் துத்தநாகமும் சேர்த்து அடித்தது. 1947இல் அடித்த ரூபாயில் வெள்ளியே கிடையாது. ஆகக் கொடி பழைய ரூபாயில் செய்யப்பட்டது. கொக்கி பின்னால் ஒருமுறை தேய்ந்தோ தொலைந்தோ போய், போர்க்காலத்து ரூபாய் ஒன்றை உருக்கி மாற்றப்பட்டது. உருக்கும்போது துத்தநாகம் கொஞ்சம் புகையாகப் போயிருக்கும். அதனால்தான் அது ஐந்துக்குக் கீழே இருந்தது. எட்டு ரூபாய் 93.3 கிராம். ஆசாரி கையில் போன சேதாரத்தையும் தலைமுறைத் தேய்மானத்தையும் பழைய கொக்கியையும் கழித்துப் பார்த்தால், மிஞ்சியிருக்கும் 84 கிராமுக்கு வீட்டுப் பேச்சு பொருந்தித்தான் வருகிறது.

இனிப் புதுக் கண்ணிகளுக்கு என்ன வெள்ளி என்பது கேள்வி. ஸ்டெர்லிங் என்று உலகம் முழுவதும் அறியப்படும் 925 வெள்ளியையே நான் தேர்ந்தெடுத்தேன். 92.5 என்ற அந்த அரை எண் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதுண்டு. பழைய ஆங்கில நிறுவையில் ஒரு பவுண்டுக்குப் பன்னிரண்டு அவுன்ஸ், ஓர் அவுன்ஸுக்கு இருபது பென்னி எடை, ஆக மொத்தம் 240. அதில் 11 அவுன்ஸும் 2 பென்னி எடையும், அதாவது 222 பங்கு, வெள்ளியாக இருக்க வேண்டும், மீதி 18 பங்கு கலப்பாக இருக்கலாம் என்பது விதி. 222ஐ 240ஆல் வகுத்தால் 0.925. நம் ரூபாய்க்கு வைத்த அளவு 220 பங்கு. எனவே அப்புச்சியின் கொடிக்கும் ஸ்டெர்லிங்குக்கும் இடையே உள்ள தூரம் 240இல் இரண்டே பங்குதான்.

இங்கிலாந்தில் இந்த அளவு முதலில் காசுக்கு வந்தது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஹென்றி காலத்துப் பென்னிகள் இந்தத் தரத்தை ஒட்டி அடிக்கப்பட்டன. 1300இல் முதலாம் எட்வர்டு இயற்றிய சட்டம், காசைவிட மட்டமான வெள்ளியில் பாத்திரம் செய்யக் கூடாது என்றும், சோதித்துச் சிறுத்தைத் தலை முத்திரை இட்ட பிறகே விற்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. 1363இல் செய்தவர் தம் அடையாளத்தையும் பொறிக்க வேண்டியதாயிற்று. 1478 முதல் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும், 1544 முதல் நடக்கும் சிங்கமும் சேர்ந்தன. காசும் பாத்திரமும் ஒரே தரத்தில் இருந்ததால் ஒரு சிக்கலும் வந்தது. காசின் ஓரத்தை வெட்டி எடுத்தும், காசையே உருக்கியும் பாத்திரம் செய்துவிடலாம் அல்லவா? அதைத் தடுக்கவே 1697இல் பாத்திர வெள்ளியின் தரத்தை 95.84 சதவீதமாக உயர்த்தினார்கள். அந்த வெள்ளி மென்மையாக இருந்ததால், 1720இல் பழைய 92.5 மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அமெரிக்காவில் டிஃபனி நிறுவனம் 1850களின் தொடக்கத்தில் இதே தரத்தைத் தனக்கு வைத்துக்கொண்ட பின் அங்கும் அது பரவியது. ஆங்கிலக் காசிலோ 1920இல் வெள்ளி பாதியாகக் குறைந்துவிட்டது. பெயர் மட்டும் நாணயத்தில் நிற்கிறது, தரம் நகையிலும் கரண்டியிலும் புல்லாங்குழலிலும் தொடர்கிறது.

காசை உலோகமாகப் பார்ப்பது கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. கோவைக்கு அருகே வெள்ளலூரில் 1842இல் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய ரோமானியப் பேரரசர்களின் வெள்ளிக் காசுகள் ஐந்நூறுக்கு மேல் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவர்கள் காலத்துத் தெனாரியஸ் என்ற அந்த வெள்ளிக் காசு கிட்டத்தட்டச் சுத்த வெள்ளி, கி.பி. 64இல் நீரோ எடையையும் தரத்தையும் குறைத்தான். அதற்குப் பிந்திய வெள்ளிக் காசுகள் தென்னிந்தியப் புதையல்களில் அரிதாகவே கிடைப்பதைப் பார்த்தால், இங்கே வாங்கியவர்கள் தலையைவிட வெள்ளியைத்தான் பார்த்து வாங்கினார்கள் என்று நான் நினைக்கிறேன்.

சுத்த வெள்ளியிலேயே கண்ணி செய்தால் என்ன என்று மாமா கேட்டார். சாமிப் பாத்திரத்துக்கும், குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடைக்கும், குங்குமச் சிமிழுக்கும் சுத்த வெள்ளி சரி. அவற்றை யாரும் இழுப்பதில்லை. இடுப்பில் வேட்டியின் பிடியைத் தாங்கி, நாளெல்லாம் ஒன்றோடொன்று உரசும் கண்ணிக்குச் சுத்த வெள்ளி தாங்காது. ஏழரை சதவீதம் செம்பு சேர்ந்ததும், பதப்படுத்திய நிலையிலேயே கடினம் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்துவிடும், நிறமோ ஏறக்குறைய மாறாது. அதற்கு மேல் செம்பு சேர்த்தால் மஞ்சள் தட்டத் தொடங்கும், வியர்வையில் பச்சைக் களிம்பும் பிடிக்கும். சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டுக்கு வீடு நடக்கும் கொலுசுத் தொழிலில் வாங்குபவர் கேட்கும் டச்சுக்கு ஏற்ப வெள்ளி கலக்கிறார்கள். மலிவாக வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டு, கொலுசு கறுக்கிறது என்று செய்தவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

வேலைக்கு வருவோம். முதலில் ஈயம். வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று 183 பாகை செல்சியஸிலேயே உருகத் தொடங்கும். அது ஒட்டிய இடத்தில் வெள்ளிப் பற்று வைக்க 700 பாகைக்கு மேல் சூடேற்றினால், ஈயம் வெள்ளிக்குள் இறங்கி, சுற்றியுள்ள நல்ல கண்ணியையும் அரித்துக் குழி விழச் செய்யும். "ஈயத்தெ வெச்சுக்கிட்டு நெருப்புக் காட்டிறாதீங்க" என்று ஆசாரியார் சொன்னதற்குக் காரணம் இதுதான். சுரண்டி எடுக்க முயல்வதைவிட அந்த மூன்று கண்ணிகளையும் வெட்டி எறிவது மேல் என்று முடிவு செய்தேன். ஈயம் தொட்ட அரத்தையும் கரித்துண்டையும் வெள்ளி வேலையில் பயன்படுத்தக் கூடாது. தூளாக ஒட்டியிருந்தாலும் வேலையைக் கெடுத்துவிடும். போர்க்கால ரூபாயில் செய்த கொக்கியையும் ஒதுக்கிவிட்டேன். நிக்கல் பலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும்; இடுப்பு வியர்வை பட்டுக்கொண்டே இருக்கும் இடத்தில் அது வேண்டாம்.

கலவைக்கு 10 கிராம் சுத்த வெள்ளியும் 0.81 கிராம் செம்பும் எடுத்தேன். கணக்கு எளிது: வெள்ளியின் எடையை 0.925ஆல் வகுத்தால் மொத்த எடை வரும், அதிலிருந்து வெள்ளியைக் கழித்தால் செம்பு. மோட்டார் சுற்றும் செம்புக் கம்பி மின்சாரம் கடத்துவதற்காக மிகச் சுத்தமாக எடுக்கப்பட்டது என்பதால் இதற்குப் பொருத்தமானது. மேலே உள்ள வார்னிஷை மட்டும் எரித்து, அரத்தாளால் பளிச்சென்று தேய்த்துவிட வேண்டும். மூசையின், அதாவது உலோகம் உருக்கும் கிண்ணத்தின், உட்புறத்தை முதலில் வெண்காரம் உருக்கிப் பூசிக்கொண்டு, வெள்ளியை இட்டு உருக்கி, அதன்பின் செம்பைச் சேர்த்தேன். வெள்ளி 962 பாகையிலும் செம்பு 1085 பாகையிலும் உருகும் என்றாலும், உருகிய வெள்ளி செம்பைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். அவ்வளவு சூடு தேவையில்லை. உருகிய வெள்ளி தன் கன அளவைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு ஆக்சிஜனை உள்ளே இழுத்து, உறையும்போது அதை வெளியே தள்ளும். அதனால்தான் வார்த்த கட்டியில் நுண்துளைகள் விழுகின்றன. மேலே கரித்தூளைத் தூவி மூடியதும், எண்ணெய் தடவிச் சூடாக்கிய இரும்பு அச்சில் சுணங்காமல் ஊற்றியதும் அதைத் தவிர்க்கத்தான்.

வார்த்த குச்சியைப் பட்டடையில் நான்கு பக்கமும் தட்டிச் சதுரமாக்கி, கம்பியச்சின் துளைகளில் ஒவ்வொன்றாக இழுத்து, பழைய கண்ணியின் பருமனுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு மூன்று துளை இழுத்ததும் கம்பி விறைத்துவிடும். அப்போது மங்கிய சிவப்பு வரும் வரை, அதாவது 600 முதல் 650 பாகை வரை, சுட்டு நீரில் தோய்த்தால் மீண்டும் இளகும். இரும்பு நீரில் தோய்த்தால் இறுகும், வெள்ளி இளகும். இரும்பு வேலை பழகிய கைக்கு இது முதலில் விநோதமாகவே இருக்கும். அந்தச் சிவப்பு பகல் வெளிச்சத்தில் தெரியாது. பட்டறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சுட வேண்டும்.

பற்றுப்பொடியை ஆசாரியார் வழியிலேயே செய்தேன்: இரண்டு பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு பித்தளை. பித்தளையை முதலில் போட்டுச் சுட்டால் துத்தநாகம் வெண்புகையாகப் பறந்துவிடும் என்பதால், வெள்ளி உருகிய பிறகே அதைச் சேர்க்க வேண்டும். இந்தக் கலவை ஏறத்தாழ 740 பாகைக்குள் ஓடிவிடும். 925 வெள்ளி 800 பாகையை ஒட்டியே உருகத் தொடங்கும். காசு வெள்ளியில் செம்பு கொஞ்சம் கூடுதல் என்பதால் அது இன்னும் சற்று முன்னதாகவே இளகும்; ஆகவே பழைய கண்ணியும் புதுக் கண்ணியும் சந்திக்கும் இடத்தில்தான் கை நிதானம் தேவை. கடையில் கிடைக்கும் காட்மியம் கலந்த பற்று இன்னும் எளிதாக ஓடும். ஆனால் காட்மியம் 767 பாகையில் ஆவியாகி நுரையீரலைக் கெடுக்கும், தங்கத்தில் கே.டி.எம். பற்றைக் கைவிடச் சொன்னதும் அதனால்தான். அந்தப் பக்கம் நான் போகவில்லை.

வெண்காரத்தைக் கல்லில் நீர்விட்டுச் சந்தனம்போல் உரைத்துக் கண்ணியின் வாய்களில் தடவி, பொடியை ஒரு சிட்டிகை வைத்து, கரித்துண்டின் மேல் கிடத்தினேன். எல்லா உலோகங்களிலும் வெப்பத்தை மிக விரைவாகக் கடத்துவது வெள்ளி. வாயில் மட்டும் நெருப்பைக் காட்டினால் சூடு கண்ணி முழுவதும் ஓடிவிடும், பொடி உருகாது. ஆகவே கண்ணி முழுவதையும் சுற்றிச் சுற்றிச் சுட்டு, கடைசியில்தான் சுடரை வாயின்மேல் கொண்டுவர வேண்டும். பொடி மங்கலாகக் குவிந்து கிடந்து, சட்டென்று மின்னி இடைவெளிக்குள் ஓடும். அந்த நொடியில் நெருப்பை எடுத்துவிட வேண்டும். பக்கத்துக் கண்ணிகளை ஈர மண்ணில் புதைத்து வைத்ததால் அவை சூடேறவில்லை.

சுட்ட கண்ணி கறுத்துக் கண்ணாடி போன்ற வெண்காரத் தோலோடு வரும். எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் போட்டால் தோல் கரைந்து வெள்ளை தெரியும். அந்த நீருக்குள் இரும்பு இடுக்கியை விடக் கூடாது. கரைந்திருக்கும் செம்பு இரும்பின் தூண்டுதலால் வெள்ளியின்மேல் படிந்து, முழுவதும் செந்நிறமாகிவிடும். மூங்கில் குச்சியே போதும். நெடுநேரம் சுட்டால் ஆக்சிஜன் வெள்ளிக்குள் ஊடுருவி உள்ளிருக்கும் செம்பைக் கறுக்கச் செய்து, ஊதா நிறக் கறையாகத் தங்கிவிடும். ஸ்டெர்லிங்கில் மிகவும் தொல்லை தருவது இதுதான். எனக்கு ஒரு கண்ணியில் லேசாக வந்தது. நுண் அரத்தாளால் தேய்த்ததும் போய்விட்டது.

கொடியின் கறுப்பு வேறு. அது காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகம் சேர்ந்து உண்டாகும் வெள்ளி சல்பைடு. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வீடுகளில் வெள்ளி விரைவில் கறுப்பதற்கும் முட்டையிலும் எச்சத்திலும் உள்ள கந்தகமே காரணம். அலுமினியத் தாளை விரித்து, சமையல் சோடா கலந்த கொதிநீர் ஊற்றி, கொடியைத் தாளோடு ஒட்டிக் கிடத்தினால், அலுமினியம் அந்தக் கந்தகத்தைப் பிரித்து, வெள்ளி கொடியிலேயே தங்கிவிடும். திருநீறோ பொடியோ போட்டுத் தேய்ப்பதில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெள்ளி போகும். ஆனால் கண்ணிகளின் இடுக்கில் இருக்கும் கறுப்பு நன்றாகவே இருந்ததால், நீரில் சற்று நேரமே வைத்து எடுத்து, பூந்திக்காய் நீரில் மென்மையான தூரிகையால் கழுவி, புதுக் கண்ணிகளை மட்டும் எஃகு மெருகுக் கோலால் அழுத்தித் தேய்த்தேன். ரப்பர் வளையம் போட்டோ கம்பளியில் சுற்றியோ வைக்க வேண்டாம் என்றும், இரண்டிலும் கந்தகம் உண்டு என்றும், துவைத்த பருத்தித் துணி போதும் என்றும் மாமன் மகனிடம் சொன்னேன்.

கொடியில் 925 என்று பொறிக்கச் சொன்னான். மறுத்துவிட்டேன். புதிதாகச் செய்த மூன்று கண்ணியும் கொக்கியும் மட்டுமே 925. மற்றதெல்லாம் ரூபாய் வெள்ளி. பொறிப்பதென்றால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஹால்மார்க் மையத்தில் சோதித்து இடுவதுதான் முறை. முடிவில் கொடி 86.9 கிராம் நிற்கிறது. நடுவில் இரண்டு கண்ணிகள் ஒன்றையொன்று தேய்த்துப் பாதிப் பருமனுக்கு வந்துவிட்டன. இப்போதைக்கு அவை தாங்கும். மாற்றும்போது வேண்டும் என்று மிச்சக் கம்பியைச் சுருட்டி, கலவையின் அளவை எழுதிய சீட்டோடு மாமன் மகனிடமே கொடுத்திருக்கிறேன்.